சேமியாவின் அறை

செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள், தம்பி. அந்தப் பெட்டியும் அங்கேயே இருக்கட்டும், ஓரமாக, வெயில் படாமல். காலிப் பெட்டிதானே? அப்படியானால் வெயிலில் இருந்தாலும் ஒன்றுமில்லை.

உட்காருங்கள். பெங்களூரிலிருந்து காரிலேயே வந்தீர்களா? சுகிர்தா நேற்றுதான் போன் செய்தாள். "அத்தை, ஜோயல்னு ஒருத்தர் வருவார். பாம்பைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவர். அவர்கிட்ட சேமியாவைக் குடுத்து அனுப்பிருங்க" என்றாள். குடுத்து அனுப்பிருங்க. இரவல் கொடுத்த தோசைக்கல்லைத் திருப்பிக் கேட்கிற மாதிரி.

காபி குடியுங்கள். குடித்துக்கொண்டே நான் சொல்வதைக் கேளுங்கள். கேட்ட பிறகும் அதைக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நான் தடுக்கமாட்டேன். எட்டடிப் பாம்பை எழுபது வயதுக்காரி கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? ஆனால் உங்களுக்குத் தோன்றாது. எனக்குத் தெரியும்.

சேரலாதன் என் ஒரே மகன். ஆதன் என்றுதான் கூப்பிடுவோம். சுகிர்தா அவன் மனைவி. வருகிற தை வந்தால் அவன் போய் ஒரு வருடம். பாம்பு அவளுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அரசாங்கத்தில் பதிவுகூட அவள் பெயரில்தான் இருக்கிறது. கல்யாணமாகி வந்தபோது மற்ற பெண்கள் தையல் மெஷினோ வீணையோ கொண்டுவருவார்கள். இவள் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தாள். திறந்து காட்டினாள். விரல் தடிமனில், பாக்கெட்டிலிருந்து கொட்டிய சேமியா போலச் சுருண்டு கிடந்தது. "பேரு சேமியா, அத்தை. விஷம் கிடையாது. தென்னமெரிக்காப் பக்கத்து ஜாதி" என்றாள். ஜாதி பார்த்தா சேர்த்துக்கொள்வார்கள் பாம்பை? எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கியதில்லை, தம்பி.

ஆனால் நான் அலறவில்லை. விலங்கியல் படித்தவள் நான். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் புட்டிக்குள் கிடந்த பாம்புகளைத் துடைத்து வைத்தவள். பாம்புக்கு இடது நுரையீரல் பெயருக்குத்தான். வலது ஒன்றை வைத்துக்கொண்டே அத்தனை நீள உடம்பும் மூச்சு விடுகிறது. அந்தப் படத்தை வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கினேன். ஒற்றை மூச்சில் ஓடுகிற ஆறு என்று நோட்டின் ஓரத்தில் எழுதி, பேராசிரியையிடம் திட்டும் வாங்கினேன். அதன் பிறகு எங்கே? வடவள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன், இட்லிக்கு மாவாட்டினேன்.

அது வளர்ந்தது. சுகிர்தா ஆசாரியை வரவழைத்து, பின்னறையில் சுவர் நீளத்துக்கு மர அலமாரி செய்யச் சொன்னாள். முன்பக்கம் கண்ணாடி, இழுத்துச் சாத்துகிற கதவு, பூட்டு. ஒரு மூலையில் வெப்ப பல்பு. பாம்பு மேலே ஏறிச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கக் கம்பிக் கூண்டு. மறுமூலை குளிர்ச்சி. இரண்டு மூலையிலும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. ஆள் உட்காருகிற அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி. அடியில் தேங்காய் நார்த்தூள். பின்பலகை முழுக்கக் காற்றுத் துளைகள். ஆசாரி கேட்டார், "ஏனுங்கம்மா, மாப்பிள்ளைக்குக் கட்டில் செஞ்சப்பக்கூட இவ்வளவு அளவு சொல்லலீங்களே?" ஆதன் சிரித்த சிரிப்பில் அவனுக்கு இரைப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இரைப்பு. சிரித்தாலும் வரும், அழுதாலும் வரும்.

அதன் பிறகு சட்டங்கள். சாப்பாடு கொடுத்தால் இரண்டு நாள் தொடக் கூடாது. கதவைத் திறந்ததும் கையை நீட்டக் கூடாது. முதலில் கொக்கியால் உடம்பை மெல்லத் தொட வேண்டும், வந்திருப்பது இரை இல்லை, ஆள் என்று அதற்குத் தெரிய வேண்டும். அலமாரி திறந்திருந்தால் அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. இவ்வளவு பெரிய பாம்பைத் திறக்கும்போது வீட்டில் இன்னொரு ஆள் இருக்க வேண்டும், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். நல்ல சட்டங்கள்தான். நான் ஒன்றையும் மீறியதில்லை.

சாம்பிராணிச் சட்டம் மட்டும்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் நான் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் இறந்த வருடம்கூட, தீட்டு கழிந்ததும் போட்டேன். இவள் வந்து மூன்றாம் மாதம் சொல்கிறாள்: "அத்தை, ஆதனுக்கு வீசிங். சேமியாவுக்கும் புகை ஆகாது. ரெண்டு பேரு நுரையீரலும் பாவம், விட்டிருங்க."

"முப்பது வருஷமா அவன் என் சாம்பிராணியிலதான் வளர்ந்தான்" என்றேன்.

"அதனாலதான் அத்தை சொல்றேன்" என்றாள்.

எப்படிப் பதில், பார்த்தீர்களா? ஆதன் நடுவில் வந்து, "அம்மா, அவ புகையைத்தான் வேண்டாங்கறா, உங்களை இல்லை" என்றான். சரி என்று தூபக்காலைத் துடைத்து மேல் பரணில் வைத்தேன். அவள் வீட்டில் இருக்கும்போது எடுத்ததே இல்லை. அவள் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் மட்டும், கொஞ்சமாக, ஒரு சிட்டிகை. வாசனை போக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இன்னும் கொஞ்சம் காபி? வேண்டாமா. சரி.

போன தையில் இரண்டாவது வெள்ளி. சுகிர்தா அலுவலகம் போய்விட்டாள். ஆதனுக்கு வீட்டிலிருந்தே வேலை. குளித்துவிட்டு வந்து, சட்டையை ஹேங்கரில் மாட்டிவிட்டு, பனியனோடு நின்றான். "அம்மா, சேமியாவுக்குத் தூள் மாத்தப் போறேன். திறக்கறேன். நீங்க இங்கயே இருங்க, எங்கயும் போயிராதீங்க" என்றான்.

"எங்க போகப் போறேன், கண்ணு? இருக்கேன்" என்றேன்.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். சட்டப்படி.

நான் இங்கேதான் இருந்தேன், தம்பி. இதோ, இந்தக் கூடத்தில். தை வெள்ளி இல்லையா, சும்மா எப்படி இருப்பது? ஒரு சிட்டிகை போட்டேன். அடுப்புக்கரி நன்றாகப் பிடித்திருந்தது, வெள்ளையாகப் புகை எழுந்து வந்தது. விசிறியால் வீசி எல்லா மூலைக்கும் காட்டினேன். அவன் இருந்த அறை வாசலுக்கும் காட்டினேன். பிள்ளை இருக்கிற அறையை விட்டுவிட்டா வருவேன்? கதவு சாத்தித்தான் இருந்தது. மணியடித்துக் கும்பிட்டேன்.

அப்போது குழாய் சீறியது. எங்கள் பக்கம் தண்ணீர் தினம் வராது. வருகிற நாளில் முதலில் வெறும் காற்று வரும். சீ என்று இழுக்கும், நிற்கும், மறுபடி சீ என்று இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் இந்தத் தெருவே குடத்தோடு ஓடும். நானும் பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இழுத்தது, நின்றது. இழுத்தது, நின்றது. பிறகு நின்றேவிட்டது. வெகுநேரம் பார்த்தேன். அன்று தண்ணீரே வரவில்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

சாப்பிடக் கூப்பிடப் போனபோதுதான் பார்த்தேன்.

அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரைப்பு வந்தால் உறிஞ்சுகிற மருந்துக் குழல் வெளியே ஹேங்கரில் தொங்கிய சட்டைப்பையில். மடியில் பாம்பு. இறுக்கவில்லை, தம்பி. டாக்டரே சொன்னார், பாம்பு ஒன்றும் செய்யவில்லை, இரைப்புதான் என்று. தெருக்காரர்கள் இன்றைக்கும் பாம்பு கொன்றுவிட்டது என்கிறார்கள். எதிர்வீட்டு சரஸ்வதியம்மாள் இந்த வாசலைத் தாண்டும்போது முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு போகிறாள். நான் விடுவதில்லை. "பாம்பு மேல பழி போடாதீங்க, அது வாயில்லாத ஜீவன்" என்று சண்டைக்கே போயிருக்கிறேன். தூசிதான் காரணம். அந்தத் தேங்காய் நார்த்தூள். அதுவும் சுகிர்தாவின் ஏற்பாடுதானே? அதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

அது மடியில் சுருண்டு கிடந்தது, சூட்டுக்காக. தானாகச் சூடு இல்லாத பிராணி, சூடு இருக்கிற இடத்தில் கிடக்கும். அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தபோது, அந்தச் சூடெல்லாம் எங்கே போயிற்று? அதன் உடம்புக்குள்தானே போயிற்று? அதைத்தான் கேட்கிறேன். அவனுடைய கடைசிச் சூட்டை வாங்கிக்கொண்ட உயிர் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். பெற்ற என் கைக்குக்கூடக் கிடைக்கவில்லை.

சுகிர்தா வந்தாள். கூடத்து வாசலில் நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன். மூச்சை இழுத்து முகர்ந்தாள். "அத்தை, சாம்பிராணி போட்டீங்களா?" என்றாள்.

பிள்ளை கூடத்தில் கிடக்கிறான். அதுவா கேட்கிற கேள்வி? நான் பதில் சொல்லவில்லை. அவள் திரும்பக் கேட்கவும் இல்லை. காரியம் முடிந்ததும் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வாடகை வீட்டில் பாம்பு வைக்க விடமாட்டார்கள் என்று, "வேற வீடு கிடைக்கிற வரைக்கும் பாத்துக்குங்க அத்தை" என்று விட்டுப் போனாள். எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று போனில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். நானும் கற்றுக்கொண்டேன். கரண்டு போனால் பல்பு அணையக் கூடாது என்று இன்வெர்ட்டர் வைத்தேன். ஐஸில் உறைந்த எலியை வெந்நீரில் போட்டு, இடுக்கியால் பிடித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். நான், தம்பி. வெங்காயத்தைக்கூடக் கிருத்திகையன்று தொடாதவள்.

நாலு வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்றாள். நான் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்துக்கொண்டேன். மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு, உள்ளே சேமியாவுக்கு. காக்கை பல தடவை வரவே இல்லை. இவன் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவான்.

என்ன? ஆமாம், பெண் பாம்புதான். சுகிர்தா சொல்லியிருக்கிறாள். வாய் தவறி வந்துவிட்டது.

தனியாக எப்படித் திறக்கிறீர்கள் என்றா கேட்கிறீர்கள்? இன்னொரு ஆள் வேண்டுமே என்றா? சுகிர்தாவும் இதையேதான் கேட்டாள். தனியாக இல்லை, தம்பி. இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் திறப்பேன். "ஆதா, திறக்கறேன், இங்கயே இரு" என்பேன்.

இனிமேல் சொல்லப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகையில் ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு அந்த அறைக்குப் போனேன். அலமாரிக்குள்ளிருந்து ஒரு சத்தம். மெல்லிய விசில் போல. இழுத்தது, நின்றது. அவனுடைய மூச்சு, தம்பி. குழந்தையில் தொட்டிலில் கிடந்து இழுத்த மூச்சு, பரீட்சைக்குப் படிக்கும்போது இழுத்த மூச்சு, எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன்! எனக்குத் தெரியாதா? பாம்புக்குக் குரல்நாண் கிடையாது. அதுவும் நான் படித்ததுதான். சீறும், அவ்வளவுதான். இது சீறல் இல்லை. அப்படியானால் அது யாருடைய சத்தம்?

அதிலிருந்து தினமும் கேட்கிறது. தலையைத் தூக்கி, கண்ணாடியில் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். என்னவோ சொல்ல வருகிறான். வாயோரத்தில் எச்சில் கோத்துக் குமிழ் விடுகிறது. பேசத் தெரியாத குழந்தைக்கு வருமே, அப்படி. வெள்ளிக்கிழமை தூபம் காட்டினால் சத்தம் கூடுகிறது. வாசனை தெரிகிறது அவனுக்கு. அதனால் இப்போது தினமுமே போடுகிறேன். அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறேன், யார் கேட்பது? மார்கழிக் குளிர் வேறு. பனிக்காற்று படக் கூடாதே என்று பின்பலகைத் துளைகளையெல்லாம் பழைய துணியால் அடைத்திருக்கிறேன். சின்னவனாக இருந்தபோது காதில் மஃப்ளர் கட்டாமல் அவனை வெளியே விடமாட்டேன்.

போன அமாவாசைக்கு மட்டும் சாப்பிடவில்லை. தோல் உரிக்கப் போகிறதோ என்று பார்த்தேன். உரிப்பதற்கு முன்னால் பாம்புக்குக் கண் வெளுக்கும், இவனுக்கு வெளுக்கவில்லை. கோபம் போலிருக்கிறது. என்ன கோபம் என்றுதான் தெரியவில்லை.

எழுந்துவிட்டீர்களே? பார்க்க வேண்டுமா? வாருங்கள். பார்த்தால்தான் உங்களுக்குப் புரியும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். இருமுகிறீர்களே, தண்ணீர் வேண்டுமா? காலையில் போட்ட புகை இன்னும் கொஞ்சம் நிற்கிறது. அதோ, பாருங்கள், தலையைத் தூக்கியிருக்கிறான். பேசாமல் இருங்கள். கேட்கிறதா?

கேட்கிறதல்லவா! நான் கற்பனை செய்யவில்லை. நீங்களும் கேட்டுவிட்டீர்கள்.

என்ன செய்கிறீர்கள்? துணியைப் பிடுங்காதீர்கள், தம்பி, பனி இறங்கும். ஜன்னலை ஏன் திறக்கிறீர்கள்? யாருக்குப் போன்? சுகிர்தாவுக்கா? நல்லது. அவளும் கேட்கட்டும். போனைக் கண்ணாடியிடம் வையுங்கள், இன்னும் பக்கத்தில். சுகிர்தா, பேசாமல் கேளம்மா. யாருடைய மூச்சு என்று நீயே சொல்லு.

அழுகிறாள். பார்த்தீர்களா, அவளுக்கும் தெரிந்துவிட்டது! கட்டின புருஷன் மூச்சு தெரியாமல் போகுமா? அன்றைக்கு அழாதவள் இன்றைக்கு அழுகிறாள். அழட்டும், போனை வைத்துவிடாதீர்கள். என்னவோ சொல்கிறாளே, ஸ்பீக்கரில் போடுங்கள்.

"அத்தை, சாம்பிராணி போடறீங்களா?"

கேட்டீர்களா? இன்றைக்கும் அதே கேள்வி. அதே குரல். ஒரு வருடமாக இவளுக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா?

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மெதுவாகச் சொல்லுங்கள். நுரையீரலில் சளியா? பாம்புக்கா? புகையாலா?

இல்லை, தம்பி. நான் விலங்கியல் படித்தவள்.

வலது பக்கத்து நுரையீரல் ஒன்றுதான். ஆமாம். படம் போட்டிருக்கிறேன். பாகம் குறித்திருக்கிறேன்.

இன்றைக்கே டாக்டரிடம் காட்டாவிட்டால் பிழைக்காதா? ஊசி போட்டால் பிழைத்துவிடுமா? இந்தச் சத்தம்? இந்தச் சத்தம் நின்றுவிடுமா?

அப்படியா.

நான் பெட்டியை எடுத்துவருகிறேன். நீங்கள் தனியாகத் திறக்காதீர்கள். கொக்கி அந்த ஆணியில் தொங்குகிறது. முதலில் மெல்லத் தொடுங்கள். நடு உடம்பை நான் தாங்கிக்கொள்கிறேன், அங்கேதான் கனம். பயமில்லை, எனக்குப் பழக்கம். எவ்வளவு இளைத்துவிட்டது, பாருங்கள். நான் கவனிக்கவே இல்லை. வா, சேமியா. வா, கண்ணு. வாலை மடித்துவிடுங்கள். மூடியில் துளை இருக்கிறதல்லவா? ஒன்றும் அடைக்காதீர்கள். காரில் ஏசி வேண்டாம். நீங்கள் வழியில் சிகரெட் பிடிப்பீர்களா? பிடிக்காதீர்கள்.

பெட்டியைக் காரில் வைத்துவிட்டு வந்துவிட்டீர்களா? நிழலில்தானே கார்? இன்னும் ஏன் நிற்கிறீர்கள், கிளம்புங்கள். ஒரு நிமிடம். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அறைக்கதவு நன்றாகச் சாத்தியிருந்தால், கூடத்தில் போடுகிற புகை உள்ளே போகாதுதானே? அடியில் ஓர் இடுக்கு இருக்கிறது. விரல் நுழைகிற இடுக்கு. பாம்பு நுழையாது என்று ஆசாரி சொன்னார். புகை நுழையுமா? ஒரு சிட்டிகைதான். நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். பாம்பைப் பற்றித்தான் கேட்கிறேன்.

குனிந்து அந்த இடுக்கையா பார்க்கிறீர்கள்?

இருங்கள். உங்களுக்குக் கேட்கிறதா? இழுக்கிறது. நிற்கிறது. மறுபடியும். அலமாரி காலி. பாம்பு காரில் இருக்கிறது. அப்படியானால் குழாய்தான். இன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள்தான். குடம் பின்கட்டில்தான் இருக்கிறது.

இல்லை, குடம் வேண்டாம். எனக்குக் கால் வரவில்லை. நீங்கள் கொஞ்சம் பின்கட்டு வரைக்கும் போய், குழாய்தானா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், தம்பி. போய்ப் பாருங்கள்.